போன நாட்களுக்கு என்ன பதில்? அமெரிக்கத் துப்பாக்கி உரிமையும் இழப்பீடும்

2014-ம் ஆண்டு. வட கரோலினாவைச் சேர்ந்த ஒரு செவிலியர் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் காரில் போய்க்கொண்டிருக்கிறார். போலீஸ் வண்டியை நிறுத்துகிறது. மறைக்க ஒன்றுமில்லை என்று நினைத்த அவர் தானாகவே சொல்கிறார்: வண்டியில் என் கைத்துப்பாக்கி இருக்கிறது, எங்கள் மாநிலத்து லைசென்ஸ் என்னிடம் உண்டு. நேர்மையாகச் சொன்னதற்குக் கிடைத்தது கைது. துப்பாக்கியும் பறிமுதல். பிறகு குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள்.

அன்றைய வாஷிங்டன் சட்டப்படி வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி வைத்திருக்கச் சாதாரணக் குடிமக்கள் யாருக்கும் அனுமதி கிடையாது. லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கவே வழி இல்லை. உள்ளூர்வாசி என்றால் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளப் பதிவு செய்யலாம். வெளியூர்க்காரருக்கு அதுவும் இல்லை. அதே 2014 ஜூலையில், அந்த முழுத்தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். சட்டம் செல்லாது என்று ஆகிவிட்டது. சரி, அந்தச் சட்டம் உயிரோடு இருந்த நாட்களில் கைதானவர்களுக்கு என்ன பதில்?

துப்பாக்கி உரிமை மீறலுக்கு இழப்பீடு என்று பேசும்போது எழும் கேள்வி இதுதான். துப்பாக்கி நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஒரு குடிமகனின் உரிமையை அரசே மீறியது என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, நடந்து முடிந்த மீறலுக்கு யார், எவ்வளவு, எந்த வழியில் கொடுப்பது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில் ஒரு அடிப்படை. நமக்குத் துப்பாக்கி என்றாலே நினைவுக்கு வருவது உரிமம்: கலெக்டர் அலுவலகம், விண்ணப்பம், காவல்துறை அறிக்கை. உரிமம் அரசு கொடுப்பது. வேண்டாம் என்றால் மறுக்கலாம். அமெரிக்காவில் அது உரிமை. 1791-ல் அரசியலமைப்பில் சேர்ந்த இரண்டாவது திருத்தம், ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையை மீறக் கூடாது என்கிறது. உரிமம், உரிமை என்று ஓர் எழுத்துதான் வித்தியாசம். இழப்பீட்டுக் கதை முழுவதும் அந்த ஓர் எழுத்தில்தான் நிற்கிறது. உரிமம் மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்வார். உரிமை மீறப்பட்டவர், எனக்கு நேர்ந்ததற்கு ஈடு கொடு என்று கேட்கலாம்.

ஆனால் அது தனிமனித உரிமையா, குடிமக்களே சேர்ந்து ஆயுதம் ஏந்திய அன்றைய குடிப்படைகளுக்கான உரிமையா என்ற சண்டை நீண்ட காலம் ஓடியது. வாஷிங்டனில் 1976 முதல் கைத்துப்பாக்கிக்குத் தடை. டிக் ஹெல்லர் அங்கே பாதுகாப்புப் பணியில் இருந்தவர். பகலில் கைத்துப்பாக்கியோடு அரசுக் கட்டடத்தைக் காவல் காப்பார். வேலை முடிந்தால் அதை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். வீட்டில் ஒன்று வைத்துக்கொள்கிறேன் என்று பதிவு செய்யப் போனபோது மறுத்துவிட்டார்கள். அவருடைய வழக்கில்தான் 2008-ல் உச்ச நீதிமன்றம், 5-க்கு 4 என்ற கணக்கில், இது தனிமனித உரிமை என்று சொன்னது. மாநிலங்களையும் நகரங்களையும் இது கட்டுப்படுத்தும் என்று 2010-ல் ஓட்டிஸ் மெக்டொனால்டின் சிகாகோ வழக்கில் தீர்ப்பு வந்தது. வீட்டுக்கு வெளியே ஏந்திச் செல்லவும் உரிமை உண்டு என்று 2022-ல், ப்ரூயன் எனப்படும் நியூயார்க் வழக்கில், 6-க்கு 3 என்று முடிவானது.

இந்த வெற்றிகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. நீதிமன்றம் சொன்னதெல்லாம் 'இனிமேல் செய்யாதே' என்பதுதான். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் நடைபாதையை மறித்துச் சுவர் எழுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டுக்குப் போகிறீர்கள். சுவரை இடி என்று உத்தரவு வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் வழக்கு நடந்த ஐந்து வருஷமும் தெருவைச் சுற்றிக்கொண்டு போனீர்களே, அதற்கு? சுவரை இடிப்பது எதிர்காலத்துக்கான நிவாரணம். சுற்றி நடந்ததற்கான ஈடு கடந்த காலத்துக்கான நிவாரணம். அதைத் தனியாகக் கேட்க வேண்டும். ஹெல்லர் வழக்கின் வெற்றிக்காக, அவருடைய வழக்கறிஞர்களுக்குச் சுமார் 11 லட்சம் டாலர் கட்டணத்தை நகரம் கொடுக்க வேண்டும் என்று 2011-ல் நீதிபதி உத்தரவிட்டார். 1976 முதல் 2008 வரை அந்தத் தடையின் கீழ் வாழ்ந்த நகர மக்களுக்கு எதுவும் இல்லை. வழக்கறிஞர்கள் உழைத்தார்கள், அந்தப் பணம் அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். ஆனாலும் முப்பத்திரண்டு வருஷத்துக்கு ஒரு பதிலும் இல்லையே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

கடந்த காலத்துக்கான ஈட்டைக் கேட்க அமெரிக்காவில் இருக்கும் முக்கியமான கருவி ஒரு பழைய சட்டம். வழக்கறிஞர்கள் அதை 'பிரிவு 1983' என்பார்கள். அது வருஷம் அல்ல, சட்டத் தொகுப்பில் அதன் எண். சட்டம் பிறந்தது 1871-ல். அந்தப் பிறப்புக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிலேயே துப்பாக்கி இருக்கிறது.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்ததும் தென் மாநிலங்கள் 'கறுப்பர் சட்டங்கள்' என்ற பெயரில் புது விலங்குகளைப் பூட்டின. 1865-ல் மிசிசிப்பி போட்ட சட்டம், விடுதலையான கறுப்பினத்தவர் உள்ளூர் அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது. இன்னொரு பக்கம் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் கும்பல்கள் இரவில் வீடு புகுந்து ஆயுதங்களைப் பறித்தன, அடித்தன, கொன்றன. உள்ளூர்க் காவல் அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. சில இடங்களில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்போதுதான், அரசு அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரின் அரசியலமைப்பு உரிமையைப் பறிப்பவர்மேல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நஷ்டஈடு வழக்குப் போடலாம் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்திட்டார்.

ஆனால் சட்டம் நெடுநாள் தூங்கிவிட்டது. 1873-ல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் ஏராளமான கறுப்பினத்தவர் படுகொலை செய்யப்பட்டார்கள். அதைத் தொடர்ந்த வழக்கில் 1876-ல் உச்ச நீதிமன்றம், இரண்டாவது திருத்தம் மத்திய அரசைத்தான் கட்டுப்படுத்தும் என்று கைவிரித்தது. அதே லூசியானாவில் ஒரு குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பதின்ம வயதில் சிகாகோவுக்குப் போனவர்தான் ஓட்டிஸ் மெக்டொனால்ட். வயதான காலத்தில் அவர் வீட்டில் பலமுறை திருடர்கள் புகுந்தார்கள். கைத்துப்பாக்கி ஒன்று வேண்டும் என்று அவர் நகரத்தின்மேல் போட்ட வழக்குதான் 1876 தீர்ப்பின் சுமையை 2010-ல் இறக்கியது. 134 வருஷம்.

பிரிவு 1983-ஐ எழுப்பியதும் ஒரு சிகாகோ வழக்குதான். 1958-ல் ஒரு நாள் அதிகாலை, 13 காவலர்கள் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டுக்குள் வாரண்ட் இல்லாமல் புகுந்து, படுக்கையிலிருந்து எழுப்பி, உடையில்லாமல் கூடத்தில் நிறுத்தி வீட்டைச் சூறையாடினார்கள். 1961-ல் உச்ச நீதிமன்றம், அந்தக் காவலர்கள்மேல் இந்தச் சட்டத்தின்படி வழக்குப் போடலாம், நகரத்தின்மேல் முடியாது என்றது. அப்புறம் 1978-ல், மோனெல் வழக்கில், நகரத்தின்மேலும் போடலாம் என்று மாற்றிக்கொண்டது. அதற்கு ஒரு நிபந்தனை: மீறல் ஏதோ ஒரு காவலரின் தனிச்செயலாக இருக்கக் கூடாது, நகரத்தின் சட்டமோ கொள்கையோ வழக்கமோ அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

துப்பாக்கி வழக்குகளுக்கு இந்த நிபந்தனை பொருந்திப்போகிறது. காவலர் சொந்த வெறுப்பில் கைது செய்வதில்லை. நகரச் சட்டம் சொன்னதைச் செய்கிறார். ஆகவே கை நீட்ட வேண்டியது நகரத்தை நோக்கி.

காவலரை நோக்கி நீட்டினால் என்ன ஆகும்? அங்கே ஒரு கவசம் இருக்கிறது. 'இது உரிமை மீறல் என்று அந்த நேரத்திலேயே தெளிவாக நிலைநாட்டப்பட்டிருந்ததா?' என்று நீதிமன்றம் கேட்கும். இல்லை என்றால் அவர் பணம் கொடுக்க வேண்டியதில்லை. துப்பாக்கி உரிமையோ 2008-க்குப் பிறகு மெல்ல மெல்லத் தெளிவானது. எனவே தனி அதிகாரி பெரும்பாலும் தப்பிவிடுவார். நகரத்துக்கு இந்தக் கவசம் கிடையாது. நல்லெண்ணத்தில்தான் செய்தோம் என்று நகரம் சொல்லித் தப்ப முடியாது என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநில அரசு என்றால் கதவே பூட்டியிருக்கிறது: இந்தச் சட்டத்தின் கீழ் மாநிலத்தின்மேல் பணம் கேட்டு வழக்குப் போட முடியாது என்பது 1989-ன் தீர்ப்பு. சட்டமன்ற உறுப்பினர், நீதிபதி, அரசு வழக்கறிஞர் இவர்களுக்கும் அவரவர் பணிக்குப் பாதுகாப்பு உண்டு.

விளைவைப் பாருங்கள். ஒரே உரிமை, ஒரே மாதிரி மீறல். நகரச் சட்டத்தால் கைதானவருக்கு ஈடு கிடைக்கலாம். மாநிலச் சட்டத்தால் கைதானவர் வெறுங்கையோடு திரும்பலாம். ப்ரூயன் வழக்கில் விழுந்தது நூறு வருஷத்துக்கும் மேல் பழைய மாநிலச் சட்டத்தின் ஒரு விதி. கைவிலங்கு எந்தச் சட்டத்தின் பேரில் மாட்டப்பட்டாலும் மணிக்கட்டு ஒன்றுதானே. இந்தப் பாகுபாடு நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை.

கதவு திறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு கேட்பது? கைதாகிக் காவலில் கழித்த மணிநேரம், போன சம்பளம், வழக்கறிஞருக்குக் கொடுத்தது, திரும்பி வராத துப்பாக்கியின் விலை, மன உளைச்சல். இவற்றுக்குச் சான்று காட்டலாம், ஜூரி தொகை சொல்லும். ஆனால் உரிமைக்கே ஒரு விலை உண்டா? கைதும் இல்லை, பறிமுதலும் இல்லை. சட்டத்துக்குப் பயந்து பத்து வருஷம் துப்பாக்கி இல்லாமலே வீட்டில் இருந்தார் ஒருவர். அவருக்கு?

உச்ச நீதிமன்றத்தின் பதில் கறாரானது. 1978-ல், விசாரணை இல்லாமல் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்ட சிகாகோ மாணவர்களின் வழக்கில், உண்மையான பாதிப்பை நிரூபிக்காவிட்டால் ஒரு டாலருக்கு மேல் தர முடியாது என்றது. 1986-ல் ஓர் ஆசிரியரின் வழக்கில், அரசியலமைப்பு உரிமையின் மதிப்பு என்று தனியாக ஒரு தொகையை ஜூரி கற்பனை செய்து போடக் கூடாது என்றது. ஆக, பயந்து வாழ்ந்த பத்து வருஷத்துக்கு விலை ஒரு டாலர்.

அந்த ஒரு டாலரை அலட்சியமாக நினைக்க வேண்டாம், பல நேரம் வழக்கின் உயிரே அதில்தான் இருக்கும். நியூயார்க் நகரம் ஒரு விதி வைத்திருந்தது. வீட்டில் வைத்துக்கொள்ள மட்டும் லைசென்ஸ் பெற்றவர், நகரத்துக்குள் இருக்கும் ஏழு பயிற்சிக் கூடங்களுக்குத்தான் தன் துப்பாக்கியை எடுத்துப் போகலாம். பூட்டிய பெட்டியில், குண்டில்லாமல் எடுத்துப் போனாலும் நகர எல்லையைத் தாண்டக் கூடாது. வழக்கை உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டதும் நகரம் அவசரமாக விதியை மாற்றியது, மாநிலமும் சட்டத்தை மாற்றியது. 2020 ஏப்ரலில் நீதிமன்றம், கேட்டது கிடைத்துவிட்டது, இனி இந்த வழக்கில் தீர்க்க ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பியது. ஏன்? ஆரம்பத்திலேயே அவர்கள் நஷ்டஈடு கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடந்த காலத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் மீதி இருந்திருக்கும். மறு வருஷம், 2021-ல், ஜார்ஜியா கல்லூரி மாணவர் ஒருவரின் பேச்சுரிமை வழக்கில் 8-க்கு 1 என்று தீர்ப்பு வந்தது: முடிந்துபோன மீறலுக்கு ஒரு டாலர் கேட்டாலும் வழக்கு உயிரோடிருக்கும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது வழக்குச் செலவு. 1976-ல் வந்த ஒரு சட்டப்படி, ஜெயித்தவருடைய வழக்கறிஞர் கட்டணத்தைத் தோற்ற அரசு கொடுக்க நேரிடும். சாதாரண மனிதர் இப்படிப்பட்ட வழக்கு நடத்த முடிவதே இதனால்தான். ஆனால் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வர்ஜீனியா வழக்கில், இடைக்காலத் தடை மட்டும் வாங்கியவர் ஜெயித்தவராக மாட்டார் என்று சொல்லிவிட்டது. நடுவழியில் சட்டத்தைத் திரும்பப் பெற்றால் அரசு கட்டணத்திலிருந்து தப்பலாம். அதற்கும் மருந்து நஷ்டஈட்டுக் கோரிக்கைதான். அது இருக்கும்வரை அரசு சட்டத்தை மாற்றிக்கொண்டு நழுவ முடியாது.

இப்போது வாஷிங்டனுக்குத் திரும்புவோம். அந்தச் செவிலியர் உட்பட ஆறு பேரின் பெயரில், 2015-ல் நகரத்தின்மேல் கூட்டு வழக்குப் போடப்பட்டது. கூட்டு வழக்கு என்றால், ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட எல்லாருக்காகவும் சிலர் முன்னின்று நடத்துவது. 2012 மே முதல் 2014 அக்டோபர் வரை கைதானவர்கள் அதில் அடங்கினார்கள். ஏன் 2012? இங்கே காலவரம்பு மூன்று வருஷம், வழக்குப் போட்டது 2015 மே மாதத்தில். அதற்கு முன் கைதானவர்களுக்குக் கதவு மூடியாகிவிட்டது. காலவரம்பு இப்படித்தான் சத்தமில்லாமல் ஆட்களை வெளியே தள்ளும்.

2021 செப்டம்பரில் நீதிபதி ராய்ஸ் லாம்பர்த், அரசியலமைப்புக்கு முரணான சட்டங்களின் பேரில் இவர்களைக் கைது செய்து, அடைத்து, வழக்குத் தொடுத்து, துப்பாக்கியைப் பறித்ததன் மூலம் நகரம் இவர்கள் உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தார். அதன் பிறகு நகரம் சமரசத்துக்கு வந்தது. தொகை 51 லட்சம் டாலர், இறுதி ஒப்புதல் 2023-ல். அதில் சுமார் 19 லட்சம் வழக்கறிஞர்களுக்கு. முன்னின்ற ஆறு பேருக்கும் சேர்த்து 3 லட்சம். மிச்சம் சுமார் 29 லட்சம், தகுதியுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு. எல்லாரும் வந்து கேட்டால் ஆளுக்கு ஆயிரம் டாலர்கூடத் தேறாது. கைதான நாளின் அவமானத்துக்கு முன் அது சின்னத் தொகை. ஆனாலும் அந்தக் காசோலை, தப்பு உன்மேல் இல்லை என்று நகரம் கைப்பட எழுதிக் கொடுத்த மாதிரி.

எல்லா மீறலும் பணத்தில் முடிவதில்லை. 2005-ல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது, காவல்துறைத் தலைவர் இனிக் காவலர்களிடம் மட்டுமே ஆயுதம் இருக்கும் என்று அறிவித்தார். வீடு வீடாகப் போய்த் துப்பாக்கிகளை எடுத்தார்கள். வீட்டைவிட்டு வர மறுத்த ஒரு வயதான பெண்மணி கையில் பழைய ரிவால்வரோடு சமையலறையில் நிற்கிறார். காவலர்கள் பாய்ந்து அவரைக் கீழே தள்ளுகிறார்கள். தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. தண்ணீர், மின்சாரம், போலீஸ் எதுவும் இல்லாத நாட்களில் நடந்தது இது. வழக்கு வந்ததும், நாங்கள் எதுவும் எடுக்கவில்லை என்றது நகரம். 2006-ல்தான் ஆயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் தங்களிடம் இருப்பதை ஒப்புக்கொண்டது. வெள்ளத்தில் ரசீதெல்லாம் போன மக்களிடம் உரிமைச் சான்று கேட்டால் எங்கே போவார்கள்? 2008-ல் சமரசம் ஆனபோதுதான், என்னுடையது என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ள வழி பிறந்தது. இதற்கிடையில் 2006-ல் நாடாளுமன்றம், பேரிடர் காலத்தில் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியைப் பறிக்கத் தடை போட்டது. மீறினால் வழக்குப் போட்டுத் துப்பாக்கியையும் வழக்குச் செலவையும் பெறலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். உரிமை மீறலுக்கான ஈடு வேறு, சொத்தை எடுத்ததற்கான விலை வேறு. 1996-ல் ஆஸ்திரேலியா துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கியபோது கொடுத்தது விலை. அங்கே துப்பாக்கி அரசியலமைப்பு உரிமை அல்ல. அமெரிக்காவில் அந்த விலைகூடக் கிடைக்காமல் போனதுண்டு. துப்பாக்கியை வேகமாகச் சுட வைக்கும் 'பம்ப் ஸ்டாக்' என்ற இணைப்பை மத்திய அரசு இயந்திரத் துப்பாக்கி என்று வகைப்படுத்தி, 2019 மார்ச்சுக்குள் அழித்துவிடுங்கள், அல்லது ஒப்படையுங்கள் என்றது. ஈடு எதுவும் இல்லை. சொத்தை எடுத்ததற்கு விலை கேட்ட வழக்கும் 2021-ல் மேல்முறையீட்டில் தோற்றது. 2024-ல் உச்ச நீதிமன்றம், அந்தக் கருவி அந்தச் சட்டத்தில் அடங்கவே இல்லை என்று 6-க்கு 3-ல் சொன்னது. சொன்ன பேச்சைக் கேட்டு நொறுக்கிப் போட்டவர்கள் கையில் அப்போது ஒன்றும் மிச்சமில்லை.

இதற்கெல்லாம் ஓர் எதிர்வாதம் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. இழப்பீடு நகர மேயரின் பையிலிருந்து போவதில்லை. வரி கட்டுகிறவர் பணம். தெருவில் பிள்ளைகள் சுடப்பட்டுச் சாகிற ஊரில், அதைத் தடுக்க நினைத்துப் போட்ட சட்டத்துக்கு அதே மக்கள் ஏன் அபராதம் கட்ட வேண்டும்? அந்த வலி உண்மையானது. ஆனால் வரிப்பணம் போகக் கூடாது என்றால் சுமை எங்கே போகும்? கைதான அந்தச் செவிலியர் தலையில். ஊருக்காகப் போட்ட சட்டத்தின் தவறை ஒருத்தி மட்டும் சுமப்பதைவிட, ஊரே கொஞ்சம் கொஞ்சம் பகிர்ந்துகொள்வது மேல் என்று நினைக்கிறேன். நகரங்களுக்குக் கவசம் கிடையாது என்ற 1980 தீர்ப்பிலும் இந்த நியாயம் இருக்கிறது.

ப்ரூயனுக்குப் பிறகு அடுத்த வரிசை நிற்கிறது: லைசென்ஸ் மறுக்கப்பட்டவர்கள், கைதானவர்கள், தண்டனையே அனுபவித்தவர்கள். இவர்களில் மிகவும் கஷ்டமான இடத்தில் இருப்பவர் கடைசி ஆள்தான். 1994-ல் உச்ச நீதிமன்றம் வைத்த விதிப்படி, தண்டனை தீர்ப்பு ரத்தாகும்வரை அந்தத் தண்டனையைக் கேள்வி கேட்கும் நஷ்டஈடு வழக்கைத் தொடங்க முடியாது. முதலில் பழைய வழக்கைத் திறந்து, குற்றவாளி என்ற பெயரை நீக்க வேண்டும். அதன் பிறகுதான் நகரத்தின் கதவைத் தட்டலாம், அதுவும் அவரைக் கைது செய்த சட்டம் நகரத்தினுடையதாக இருந்தால்.